கொப்புக்குக் கட்டு

மேர்சி பழைய சைக்கிள் ரியூப்பை நாடா நாடாகக் கீறி ஒழுங்கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஈழத்தலரிக் கொப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் கவட்டோடு பிளந்த கொப்பு. காயும் இல்லை, விறகுக்கும் ஆகாது. பூப்பதற்கென்றே நிற்கிற மரம். அதற்கு இந்தப் பாடு! வெடிப்பை இறுக்கி, என் வலைக் கயிற்றால் வரிந்து, கீழே கவைத்தடி ஒன்றும் முட்டுக் கொடுத்திருந்தாள். கையெல்லாம் பால் பிசுபிசுத்தது. தேத்தண்ணி கேட்டேன். காதில் விழவில்லை.

எனக்கு விளங்காமலில்லை. எங்கள் மகன் ஜெறோம் பெலாரஸிலிருந்து போன் எடுத்து, "காட்டுக்குள்ளாலை எல்லை கடக்கப்போறம் அம்மா, இனிப் போன் வேலை செய்யாது" என்று சொன்ன அன்று பின்னேரம்தான் கொப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனும் போனை எடுக்கிறானில்லை. இவள் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டாள். விடிந்ததும் மாதா கோயிலுக்கு ஓடுகிறவள், இப்போது இலை வாடிவிட்டதா என்று பார்க்க ஓடுகிறாள். விசர் என்று திட்டினேன். திட்டிவிட்டு, அவள் குசினிக்குள் போனதும் நானும் போய் இலையைத் தொட்டுப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன.

திருவிழாவுக்கு முதல்நாள் டினேஸ் மரம் அரிகிற கைவாளோடு வந்தான். ஜெறோமின் கூட்டாளி, கோயில் இளைஞர் மன்றத்தில் இருக்கிறான்.

"மாமி, நாளைக்கு மாதா சுரூபம் இந்த ஒழுங்கையாலைதான் வருது. உந்தக் கொப்பு மாதாவின்ரை முடியிலை தட்டும்."

"தட்டட்டும்."

"அப்ப கயிறு போட்டு மேலை இழுத்துக் கட்டுவமே?"

"இழுத்தா பிளந்துபோம். தொடாதை." அவள் கொப்புக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றாள். "தொட்டா என்ரை பிள்ளைக்கு ஏதும் நடந்திடும்."

டினேஸ் என்னைப் பார்த்தான். "சுரூபம் வரமுன்னம் நான் வெட்டிவிடுறன், நீ போ ராசா" என்று மெல்லச் சொல்லி வாளை வாங்கி வைத்தேன். மாதாவின் வழியை மறிக்க நான் ஆர்?

மறுநாள் வாளை எடுத்துக்கொண்டு போவதும், கொப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதுமாகப் பொழுது போய்விட்டது. கை ஏவவில்லை.

செக்கலில் பாண்ட் வாத்தியம் ஒழுங்கைக்குள் திரும்பியது. மெழுகுதிரிகளுக்குப் பின்னால் தோள்களில் மாதா ஆடி ஆடி வந்தாள். மேர்சி கவைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்தோள் கொடுத்து வந்த டினேஸ் கொப்பைக் கண்டதும் நின்றான். பவனியே நின்றது. பாட்டு அறுந்தது.

"மாமா, வெட்டுறன் எண்டு சொன்னனீங்கள்!"

எல்லாக் கண்களும் என்மேல். மேர்சி மட்டும் பார்க்கவில்லை. கரையில் வள்ளம் இழுக்கிறபோது கத்துகிற கத்தாகக் கத்தினேன்.

"பதியுங்கோடா! சுரூபத்தைப் பதிச்சுப் பிடியுங்கோ!"

சுமந்தவர்களின் முழங்கால்கள் மடிந்தன. மாதா மெல்ல மெல்லக் கீழிறங்கி, கொப்புக்குக் கீழால் நகர்ந்து, அப்பால் போய் நிமிர்ந்தாள்.

பின்னால் வந்த சனமும் குனிந்தது. கொப்பு எட்டாத சின்னப் பிள்ளைகள்கூட, மெழுகுதிரியைக் கையால் மறைத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கடைசி ஆளும் போய்விட்டது. மேர்சி தடியை விடவில்லை.