அண்ணியின் மேசை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தொழிற்சாலையில் எல்லார் முன்னாலும் அண்ணியை "அண்ணி" என்று கூப்பிட்டுவிட்டேன். அதுவரை அங்கே அவளை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் கலவைக் கூடத்துக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், வாசல் காவலாளி, அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அண்ணி என்றார்கள். என் அண்ணனின் மனைவி ஒரு பெயின்ட் தொழிற்சாலைக்கே அண்ணியாகிவிட்டாள். எனக்கென்று இருந்த ஒரு சொல்லும் பொதுவாகிப் போனது. என்னை லேப் பொண்ணு என்றார்கள்.

அண்ணி சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தாள். அவள் மேசை கலவைக் கூடத்துக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே, நடைபாதை திரும்பும் இடத்தில் இருந்தது. அதைத் தாண்டாமல் யாரும் எங்கும் போக முடியாது. தாண்டும்போது யாரும் நிற்காமலும் போவதில்லை. மேசைமேல் ஒரு பிளாஸ்க், ரப்பர் முத்திரை, காகிதம் பறக்காமல் இருக்க உறைந்து கல்லான ஒரு பெயின்ட் கட்டி. சிரித்தால் முத்திரை பிடித்த கையாலேயே வாயை மூடிக்கொள்வாள். அந்தச் சிரிப்பு ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்குக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்காது.

வீட்டிலும் அப்படித்தான். அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் முதலில் அண்ணியிடம் சொல்வாள். அப்பா கண்ணாடியைத் தொலைத்தால் அண்ணியைக் கேட்பார். அந்தக் கண்ணாடி என் மேசையில் இருந்தாலும்கூட. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான் என்பதை அம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது நினைவுபடுத்துவாள். வேதியியல் படித்தது நான் என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இந்த நிலையில்தான் மேனேஜர், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடும் அந்த ஆப்பை வாங்கினார். கலவை, ஆய்வகம், அனுப்புதல் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் அதில் ஒரு அறை. எந்தத் தொட்டியில் என்ன நிறம் ஓடுகிறது, சோதனையில் தேறியதா, எந்த லாரியில் ஏறியது, எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். இனிமேல் வாய்ப்பேச்சு கிடையாது என்றார். அதை நடத்திக்காட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இருப்பவர்களில் வயதில் சின்னவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதுதான் காரணம். எனக்குக் காரணம் முக்கியமில்லை. அண்ணியின் மேசை வழியாக வராத ஒன்று முதல்முறையாக என்னிடம் வந்திருந்தது.

உண்மையில் அந்த ஆப் எனக்காகவே செய்ததுபோல் இருந்தது. நாலு பேர் முன்னால் பேசினால் என் குரல் பாதி வழியில் காணாமல் போய்விடும். எழுதினால் போகாது. வழிகாட்டி ஒன்று எழுதினேன். படங்கள் போட்டேன். தேறிய தொட்டிக்குப் பச்சை வட்டம், சந்தேகமுள்ள தொட்டிக்குச் சிவப்பு வட்டம், பக்கத்தில் பொறுப்பாளர் பெயர். மேனேஜருக்கு அது ரொம்பப் பிடித்தது. ஒரே பார்வையில் யார் என்ன என்று தெரிகிறதே என்றார். மாதக் கடைசிக்குள் எல்லாரும் இதற்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆப்பையும் மூடிவிட்டு என்னையும் பழைய வேலைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பழைய வேலை என்பது பெயின்டின் கெட்டித்தன்மை அளக்கும் கிண்ணங்களைக் கழுவுவது.

பயிற்சிக்கு எல்லாரும் வந்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். மறுநாள் காலை வணக்கம் என்று எழுதினேன். எல்லாரும் படித்ததாகக் காட்டியது. ஒருவரும் பதில் எழுதவில்லை. அதே நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அண்ணியின் மேசையைச் சுற்றிக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி கூட்டம்.

கூட்டத்தில் எப்போதும் முன்னால் நிற்பவர் ஆக்சைடு. தலைமைக் கலவைக்காரர். சிவப்பு ஆக்சைடு தூளைக் கையாண்டு கையாண்டு நகமெல்லாம் செங்கல் நிறமாகிவிட்டதால் அந்தப் பெயர். அவர் வந்து போன கொஞ்ச நேரத்தில் என் இன்டர்காம் அடிக்கும். அண்ணி தணிந்த குரலில் பேசுவாள்.

"அந்த நீலத்தை எதுக்கும் தொட்டியோட அடியிலேர்ந்து எடுத்துப் பாரேன். நீயா பாத்த மாதிரி பாத்துக்கோ."

எடுத்துப் பார்த்தால் ஏதாவது இருக்கும். மேலே ஒரு நிறம், அடியில் ஒரு பிடி கூடுதல் அடர்த்தி. இன்னும் கொஞ்ச நேரம் கலக்கச் சொல்லிவிடுவேன். இதை ஆப்பில் போடச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தடவையும் அண்ணியிடம் சொன்னேன். போடுவார்கள், போடுவார்கள் என்பாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. என் ஆப் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் அவள் மேசை என்று எனக்குத் தோன்றியது. அங்கே எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்தால் எழுத என்ன மிச்சமிருக்கும்?

நான் ஒரு படம் வரைந்தேன். சரக்கு அனுப்பும் மேசை லாரிகள் நிற்கும் வாயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலை எப்படிச் சீராக ஓடும் என்பதற்கான படம். பெட்டிகள், அம்புக்குறிகள். பொய் ஒன்றும் இல்லை, வாயிலுக்குப் பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே நியாயம்தான். மேனேஜர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு பேர் வந்து மேசையைத் தூக்கிப்போனார்கள். அண்ணி பிளாஸ்கையும் பெயின்ட் கட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். இன்டர்காமையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஆப் நிறைந்தது. தொட்டி தயார், தேறியது, ஏற்றியாயிற்று. வரிசையாகப் பச்சை வட்டங்கள். மேனேஜர் தன் அறையில் பெரிய திரையில் அதைப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நடைபாதையில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது, மேனேஜர் என்னைப் பாராட்டினார் என்றேன். அம்மா சந்தோஷப்பட்டாள். பிறகு அண்ணியின் தட்டில் குழம்பு ஊற்றியபடி, "எல்லாம் இவ கூட்டிட்டுப் போன நேரம்" என்றாள்.

மாதம் முடிவதற்குள் சாம்பல் நிற பெயின்ட் திரும்பி வந்தது. ஒரு கட்டடத்தின் ஒரு பக்கச் சுவர் வெளிறியும் மறுபக்கம் கறுத்தும் காய்ந்திருந்தது. வாடிக்கையாளர் புகைப்படம் அனுப்பியிருந்தார். ஒரே தொட்டி, ஆனால் இரண்டு நிறம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அந்தத் தொட்டிக்குப் பச்சை வட்டம். நான்தான் போட்டிருந்தேன். என் சோதனை சரி, தொட்டியின் மேலேயிருந்து எடுத்த சாம்பிள் தேறியிருந்தது. பச்சையாக இருக்கும்போதே இப்படி என்றால் இந்த ஆப் எதற்கு என்று கேட்டார். வாரக் கடைசியில் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

முதல்முறையாக, மாதிரி எடுக்க அல்லாமல் பேசுவதற்காகக் கலவைக் கூடத்துக்குப் போனேன். ஆக்சைடு கலக்கியின் இறக்கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாம்பல் ஓடிய அன்று மின்சாரம் போய்க் கலக்கி பாதியில் நின்றதையும், அடியில் படிந்திருக்கும் என்று தனக்கு அப்போதே தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"ஏண்ணே போடலை?" என்றேன்.

"எதுல, அதுலயா? மேனேஜர் பாக்கற எடத்துல, என் பேரைப் போட்டு, பக்கத்துல சிவப்பு வட்டம் வெச்சு? என் நகத்துல இருக்கற சிவப்பே போதும்மா."

"யார்கிட்டயாவது வாய்லயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். "சொல்ற எடத்தைத்தான் நீ கேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டியே."

மாலை பஸ்ஸில் அண்ணி வழக்கம்போல எனக்கு ஜன்னல் இருக்கையை விட்டுக்கொடுத்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"கேளு" என்றாள். "கேக்கணும்னுதானே இவ்வளவு நேரமா அந்தக் கடைங்களையே முறைச்சுப் பாத்துட்டு வரே."

"அடியிலேர்ந்து எடுத்துப் பாருன்னு சொல்வீங்களே. ஒவ்வொரு தடவையும் அது யாரு சொல்லி?"

"அதை நான் சொல்லமாட்டேன். நான் சொல்லமாட்டேன்னு நம்பித்தான் எங்கிட்ட சொன்னாங்க."

பஸ் கொஞ்ச தூரம் போனது. மேசையை நகர்த்தச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும். மேனேஜர் படத்தைக் காட்டினாரு. பெட்டியெல்லாம் ஒரே அளவு, கோடெல்லாம் அடிச்ச மாதிரி நேரு. வேற யாரு வரைவா?"

"ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா நீ வாயைத் தொறந்தா பதில் சொல்லுவே? எழுதில்ல அனுப்புவே." சிரித்தாள். முத்திரை இல்லாததால் வெறும் கையால் வாயை மூடிக்கொண்டாள். இறங்கும்போது மட்டும், அந்தக் கேட்டில் வெயில் தாங்கமுடியவில்லை என்றாள்.

அன்று தூக்கம் வரவில்லை. அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளிடம் எதைச் சொன்னாலும் பத்திரமாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் ஆப்பில் எதை எழுதினாலும் அதைச் சுவரில் மாட்டிவிடுவோம் என்றும் தெரிந்திருக்கிறது. இதில் கம்ப்யூட்டர் செய்த தவறு ஒன்றுமில்லை.

மறுநாள் மேனேஜருக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதி அழித்தேன். இதை எழுதினால் அவர் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். எழுந்து அவர் அறைக்குப் போனேன். பெயரையும் சிவப்பு வட்டத்தையும் எடுக்க வேண்டும் என்றேன். சந்தேகத்தை எழுத ஒரு தனி அறை வேண்டும், அதில் வருவது ஆய்வகத்தின் சந்தேகமாகவே வெளியே போகும், இந்தத் தொட்டியில் யார் கைவைத்தார்கள் என்று பிறகு தேடக் கூடாது என்றேன். அனுப்பும் மேசை பழைய இடத்துக்கு வர வேண்டும். என் குரல் வழக்கமான இடத்தில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன்.

"அப்புறம், அந்த அறையில நீங்க இருக்கக் கூடாது சார்."

அவர் என்னையே பார்த்தார். "நான் வாங்கின வீட்டுல நானே திண்ணையில நிக்கணுமா?"

"பலன் உங்களுக்கு வரும் சார். நல்ல பெயின்டா வரும்."

அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த சாம்பல் டப்பாக்கள் அவர் ஜன்னலுக்கு வெளியேதான் அடுக்கியிருந்தன. கடைசியில், இன்னொரு மாதம், அவ்வளவுதான் என்றார்.

மேசை திரும்பி வந்தது. நான் சந்தேக அறையைத் திறந்து, புதிய வழிகாட்டியைப் போட்டேன். இந்தத் தடவையும் படங்களோடு. எல்லாரும் படித்ததாகக் காட்டியது. ஒருவரும் எழுதவில்லை. முதல் வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு காலையில் அண்ணி அதில் எழுதினாள்.

"நேத்து மஞ்சள் போக வேண்டிய லாரியில பச்சையை ஏத்திட்டேன். பாதி வழியில ஞாபகம் வந்து திருப்பிக் கூப்பிட்டேன். தப்பு என்னோடதுதான்."

பிறகு கண்ணாடி போடச் சொல்லி ஒருவர் எழுதினார். அண்ணனுக்குத் தெரியுமா என்று இன்னொருவர். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால்தானே பச்சை, அண்ணி பாதியாவது சரியாகத்தான் ஏற்றியிருக்கிறார் என்று ஆக்சைடு. ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு எழுதினார்கள். அந்தக் கும்மாளத்துக்கு நடுவில் யாரோ, மூன்றாவது தொட்டியில் நுரை அதிகம், லேப் பார்க்கவும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். என் வழிகாட்டிக்கு இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

அன்றிலிருந்து எழுதுகிறார்கள். மாதம் முடிந்தபோது மேனேஜர் எல்லாரையும் கூட்டி, ஆப் நிலைத்துவிட்டது என்றார். என் பதவியும் நிலைத்தது. அண்ணி முன்கை எடுத்ததால்தான் இது நடந்தது என்று கேள்விப்பட்டதாகச் சொல்லி, அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் கை மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்பாகவே நின்றது. செய்தி வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் போயிருந்தது. அம்மா அண்ணிக்குப் பிடித்த இனிப்பைச் செய்து வைத்திருந்தாள். எனக்கும் கொடுத்தாள்.

இன்று மதியம் என் போன் அதிர்ந்தது. ஆக்சைடு எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தார். "லேப் பொண்ணு, வெள்ளைத் தொட்டியில அடி பாரு." யாருக்கும் போடவில்லை, எனக்கு மட்டும்.

மாதிரி எடுக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். நடைபாதை திருப்பத்தில் அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். வழக்கம்போல் ரெண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

"எங்கேடி இந்த ஓட்டம்?"

அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பெயின்ட் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது.

"சும்மாதான் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.