ஓட்டையில்லாத பட்டன்கள்

தையல்காரர் வெள்ளைப் பட்டன் டப்பாவை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டி, கிளறு கிளறென்று கிளறிப் பார்த்துவிட்டார். பட்டன்தான் இருந்தது. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

மாத்திரையை ஒளிக்க மனுஷனுக்கு வேறு இடமா இல்லை என்று கேட்கலாம். வீட்டில் அலமாரி, தலையணை, சட்டைப்பை எல்லாமே மனைவி கைபடும் இடங்கள். பட்டன் டப்பா கடையில் அவர் மெஷின் பக்கத்திலேயே கிடப்பது. மாத்திரையும் வெள்ளை, வட்டம். மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டுப் புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வருஷம் ரத்த தானம் செய்யப் போன இடத்தில் தெரிந்த விஷயம். ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் கிருமி ரொம்ப நாளாகவே இருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டால் ஒரு வருஷத்தோடு முடியலாம், ஆனால் காய்ச்சலும் அசதியும் படுத்தி எடுக்கும். மாத்திரை என்றால் தினம் ஒன்று, வருஷக்கணக்காக; சிறுநீரகத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் யோசிக்கவே இல்லை. காய்ச்சலில் படுத்தால் மனைவிக்குத் தெரிந்துவிடுமே! மாத்திரையே போதும் என்றார்.

"நீங்களா நிறுத்திடக் கூடாது. கிருமி திரும்பக் கிளம்பினா கல்லீரல் தாங்காது" என்று டாக்டர் சொன்னது நன்றாகவே காதில் ஏறியது. "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும். கிருமி இல்லைன்னா தடுப்பூசி போட்டுடலாம்" என்றது மட்டும் ஏறவில்லை. ஏறவில்லையா, ஏறியதை இறக்கிவிட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

"இந்த டப்பாவை யாரு தொட்டது?"

எதிரே உட்கார்ந்து சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நான்தான். ஓட்டையே இல்லாத பட்டனா கலந்து கெடந்துச்சு. பட்டன் கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்னு, நேத்து சாயங்காலம் பொறுக்கி எடுத்துட்டுப் போய் அவன் முன்னாடி கொட்டிட்டு வந்தேன். திருதிருன்னு முழிச்சான், பாவம். வேற பட்டன் மாத்திக் குடுத்துட்டான்."

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று கல்லீரல் இப்போதே வீங்க ஆரம்பித்துவிட்டதாக நினைத்து, விலாவைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அது பட்டன் இல்லம்மா. என்னோட மாத்திரை."

தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். விஷயம் தெரிந்தால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்ததையும் சொன்னார். இனி திட்டுவாள், இல்லை அழுவாள் என்று காத்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் விரலில் குத்திக்கொண்டு, சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டிய ஊசி.

"இது ஒட்டிக்குமா?"

"சேர்ந்து சாப்பிட்டா எல்லாம் ஒட்டாதாம்..."

"ரத்தத்துல?"

ஒட்டும் என்று தலையாட்டினார். அவள் தன் விரல் நுனியைத் திருப்பிக் காட்டினாள். அதில் பழைய பொத்தலும் புதிய பொத்தலுமாக இருந்தன.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதானேங்க."

கடையைச் சாத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் நாளைக்கு என்றார்கள். அவருக்குப் புதுப் புட்டி கிடைத்தது. சில மணி நேரம் தள்ளிப்போனதால் குடி முழுகிவிடாது, இனி விடாதீர்கள் என்று நர்ஸ் சொன்னதும் அவருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி நாளைய ரிசல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளே புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை மூடியில் உருட்டி நீட்டினாள்.

"முதல்ல முழுங்குங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கறேன்."

முழுங்கினார். அவள் முழங்கையில் வைத்திருந்த பஞ்சில் ரத்தம் ஊறியிருப்பதை அப்போதுதான் பார்த்தார். தான் பிடித்துக்கொள்ளலாமென்று கையை நீட்டினார்.

அவள் வெடுக்கென்று விலகினாள். "வேணாங்க. ரத்தம் இருக்கு."

யாருக்காகப் பயந்து விலகினாள் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.