செம்பு என்று எழுதியிருந்த கட்டி

பகலெல்லாம் பட்டறையிலும் கடையிலும் உழைத்தவர்கள், மாலைக் கல்லூரியின் ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வுக்கு நின்றனர். பன்னிரண்டு பேர். பதினொரு தாள்களில் ஒரே விடை: 0.39. ஒருத்தியின் தாள் மட்டும் இணங்க மறுத்தது.

அவள் வெல்டிங் பட்டறையில் பதினான்கு ஆண்டு தீப்பொறிக்கு முகம் கொடுத்தவள். இத்தேர்வில் இருமுறை தோற்றவள். விதிப்படி இதுவே கடைசி வாய்ப்பு. தேறினால் பட்டறைக்கு அவளே மேற்பார்வையாளர். தவறினால், நேற்று வேலைக்கு வந்தவன் ஏவ, காலமெல்லாம் குனிந்து நிற்க வேண்டியவள்.

மேசை மீது, ‘செம்பு’ என்று சீட்டு ஒட்டிய செந்நிறக் கட்டி. அதைக் கொதிநீரில் நூறு டிகிரிக்குச் சூடாக்கி, ஒட்டிய நீரை உதறி, குளிர்நீர்க் கிண்ணத்தில் இறக்கி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஏற்றத்தைக் கொண்டு உலோகத்தின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிட வேண்டும். செம்பென்றால் நீர் 35.7 டிகிரியில் நிற்கும். அவளுடைய வெப்பமானி 36.7-இல் நின்றது. ஒரே ஒரு டிகிரி. கணக்கு 0.45 என்றது.

அடுத்த மேசையில் அவளுடைய நாத்தனார். அதே பட்டறையில் கிரைண்டிங் வேலை.

“அண்ணி, புத்தகத்துல செம்புக்கு 0.39னு அச்சடிச்சிருக்கு. நீங்க அச்சாபீஸோட சண்டை போடவா வந்தீங்க?”

“நீ அளந்தியா, எழுதுனியா?”

“எழுதிட்டு அளந்தேன். ரெண்டும் அழகா ஒத்துப்போச்சு.”

அவள் மறுபடியும் சூடாக்கினாள். முன்னிலும் நன்றாக உதறி, முன்னிலும் விரைவாக இறக்கினாள். மீண்டும் 36.7.

தேர்வாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

“கை நடுங்கியிருக்கும்மா. ஒரு டிகிரி குறைச்சு எழுதுங்க, பாஸ் போட்டுடறேன். கடைசி வாய்ப்புன்னு எனக்கும் தெரியும்.”

கருணைதான். ஆனால் குனியச் சொல்லும் கருணை. அளந்ததை எழுதுவது அறிவு. அச்சில் கண்டதை அளந்ததாகச் சொல்வது அடிமைத்தனம். அவள் நிமிர்ந்தே நின்றாள்.

“என் கை நடுங்குனா ஜாயின்ட் விட்டுப்போயிரும் சார். பதினாலு வருஷத்துல ஒண்ணும் விடல.”

“அப்போ புத்தகம் தப்பா?”

“புத்தகம் சரி சார். கட்டிதான் செம்பில்ல. எங்க வெல்டிங் கம்பியும் பார்க்கச் செம்பாத்தான் இருக்கும். துருப்பிடிக்காம இருக்க மேலாப்புல செம்பு பூசியிருப்பாங்க, உள்ள இரும்பு. அட்டவணையில இரும்புக்கு நேரா 0.45 இருக்கு, பாருங்க. ஒரு காந்தம் குடுங்க.”

அலமாரியிலிருந்து காந்தம் வந்தது. தேர்வாளரே அதைக் கட்டியின் மேல் வைத்தார், தூக்கினார். கட்டியும் கூடவே எழுந்து தொங்கியது. செம்பைக் காந்தம் தீண்டாது. அவர் அடுத்த மேசைக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். பன்னிரண்டு கட்டிகளும் ஒட்டின.

“ஆறு வருஷமா இதையேதான் குடுத்துட்டிருக்கேன்.”

“ஆறு வருஷமும் எல்லாருக்கும் 0.39 வந்துச்சா சார்?”

“வந்துச்சு,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் தாளில் 0.45-இன் கீழ் கோடிட்டு, முழு மதிப்பெண் போட்டு, தன் முழுப்பெயரும் எழுதிக் கையொப்பமிட்டார். மற்றவர் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, முதலிலிருந்து செய்யச் சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது, பர்னர்கள் மீண்டும் எரிந்தன.

“மேற்பார்வையாளரம்மா,” என்றாள் நாத்தனார், “உங்க புண்ணியத்துல இன்னும் ஒரு மணி நேரம் எனக்கு இங்கதான் வாசம்.”

“பேச்சைக் குறை. தண்ணி கொதிக்குது பாரு.”

அதுவே அவளுடைய முதல் உத்தரவு. நாத்தனார் மறுபேச்சின்றிக் கட்டியைக் கையிலெடுத்தாள்.