பட்டியலில் இல்லாத ஒன்பது பேர்

மரகதம் கட்சிக்குள் வந்தது ஒரு சிக்னலுக்காக. அமெரிக்காவில், பிஸ்கட்டவேக்குப் பக்கத்து ஊரில் அவள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்கு எதிரே நான்கு வழிச் சாலை. அதைக் கடந்துதான் பிள்ளைகள் ஸ்கூல் பஸ் ஏற வேண்டும். சிக்னல் கேட்டு ஐந்து கவுன்சில் கூட்டங்களில் பேசினாள். மூன்று நிமிடம் ஆனதும் மணி அடித்து, நன்றி சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதுதான் கிடைத்த பதில்.

கவுன்சில் தேர்தலில் யாருக்குக் கட்சி ஆதரவு என்பதைக் கட்சியின் ஊர் மாநாடுதான் முடிவு செய்கிறது என்பதும், அங்கே ஓட்டுப்போடும் கமிட்டியில் அபார்ட்மென்ட் பகுதிக்கான இடங்கள் பல வருடமாகக் காலியாகக் கிடக்கின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவளும் எதிர் ஃப்ளாட் வேலுமணியும் இன்னும் ஏழு பேரும் கையெழுத்து வாங்கி மனுப்போட்டார்கள். போன ஜூனில் போட்டியே இல்லாமல் ஒன்பது பேரும் தேர்வானார்கள். இந்த மார்ச் மாநாட்டில், பன்னிரண்டு வருடமாகக் கவுன்சிலராக இருக்கும் டோனியை எதிர்த்து நிற்பதாக மரகதம் அறிவித்தாள்.

மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு டாக்டர் ராமசுப்ரமணியன் போன் செய்தார். இருபது வருடமாக அந்த ஊர்க் கட்சியில் இருந்த ஒரே தமிழர். மரகதம் சிட்டிசன் ஆன அன்று பக்கத்தில் உட்கார்ந்து வோட்டர் ஃபாரம் நிரப்ப உதவியவர்.

"இந்தத் தடவை விட்டுடும்மா. டோனி நம்மவாளுக்கு நெறைய பண்ணியிருக்கான். அடுத்த தடவை நானே உன்னை ப்ரபோஸ் பண்றேன்."

"சிக்னலுக்கும் அப்படித்தானுங்க அங்கிள் சொன்னாங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட கஃபெட்டீரியாவில் மாநாடு. வாசல் மேஜையில் பெயர் சரிபார்த்த பெண்மணி பட்டியலை இரண்டு முறை புரட்டினாள். ஒன்பது பேரில் ஒருவர் பெயரும் இல்லை. மனுவில் முகவரியோடு ஃப்ளாட் நம்பர் எழுதவில்லை, அதனால் செல்லாது என்று கட்சித் தலைவர் வந்து சொன்னார். வேலுமணிக்குக் குரல் உயர்ந்தது. விஷயம் மூன்று பேர் கொண்ட உறுப்பினர் குழுவுக்குப் போயிற்று. ஒருவர் உள்ளே விடக் கூடாது என்றார், ஒருவர் விடலாம் என்றார். மூன்றாமவர் டாக்டர்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப்புத்தகத்தைப் படித்தார். தலைவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் இன்னொரு பக்கம் புரட்டினார்.

"இவங்க எலெக்ட் ஆனவங்க. உள்ள விடுங்க" என்றார் ஆங்கிலத்தில்.

மரகதத்துக்கு நெஞ்சு லேசானது. இனி அவர் ஓட்டு நமக்குத்தான் என்று நினைத்தாள்.

ரகசிய ஓட்டு வேண்டுமென்று வேலுமணி கேட்டது எடுபடவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார்கள். டோனிக்காக எழுந்தவர்களில் டாக்டரும் இருந்தார். அறுபத்து நான்குக்கு ஐம்பத்தைந்து. மரகதம் தோற்றாள்.

வெளியே காருக்குப் போகும்போது அவரை மறித்தாள்.

"உள்ள விட்டுட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே அங்கிள்?"

"நீங்க ஜெயிச்சு வந்தவா. இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா கவுன்சிலுக்கு டோனிதான் சரின்னு படறது. அதான் நின்னேன்."

அவளுக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல் நகர்ந்தாள்.

ஏப்ரலில் டாக்டரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். காரணம் சொல்லவில்லை. கட்சி வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் ப்ரைமரியில் கட்சி ஆதரவில்லாமலே நின்ற மரகதம் நூற்று நாற்பது ஓட்டில் தோற்றாள். ஆனால் அவளைப் பார்த்து மனுப்போட்ட புதியவர்கள் இருபத்திரண்டு பேர் கமிட்டிக்குள் வந்தார்கள். சிக்னலுக்கு ஆய்வு நடத்த ஒப்புதல் கிடைத்தது. அந்தச் செய்தியை டோனிதான் அறிவித்தார்.

புதிய கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் அவள் டாக்டரை அழைத்தாள்.

"உறுப்பினர் குழுவுக்கு உங்க பேரை நான் முன்மொழியப் போறேனுங்க."

"நான் மறுபடியும் டோனிக்குத்தான் போடுவேன், தெரியுமோல்லியோ?"

"போடுங்க அங்கிள். யார் உள்ள வரலாம்னு பார்க்க நீங்க இருந்தாப் போதும்."

கூட்டம் எத்தனை மணிக்கு என்று டாக்டர் கேட்டார்.