லோவ்ரிச் விடுதிக்கு வழி

தெற்குக் காற்று அடித்து ஓய்ந்தால் லோவ்ரிச் குடும்பத்தின் விடுதி வேறு தெருவில் இருக்கும். இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்ப்லிட் நகரத்தில் இது மத்தி மீன் விலையைப் போல எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மீன் சந்தைக்குப் பின்னால் நின்ற வீடு மறுநாள் வரோஷ் மேட்டில், படிக்கட்டு முடிகிற இடத்தில் நிற்கும். அடுத்த காற்றுக்குப் பிறகு ரயில் பாதையை ஒட்டி, கரி படிந்த சுவர்களுக்கு நடுவில் இருக்கும். இரண்டு மாடி, பச்சை ஜன்னல் கதவுகள், வாசலில் அத்திமரம் எல்லாம் அப்படியே கூட வரும். பேருந்து இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விடுகிறவர்களைப் போலப் பக்கத்து வீடுகள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். யார் வீட்டுச் சுவரிலும் விரிசல் விழுந்ததில்லை. வீடு ஓடிப்போயிற்று என்று சிலர் சொல்வது தவறு. லோவ்ரிச் வீட்டில் யாரும் எதற்கும் ஓடியதில்லை. வீடு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அந்த வீட்டு மருமகள் பெரினா. கணவன் டூயே இறந்தபின் விடுதியை நடத்தியது அவள்தான். மலிவான விடுதி என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமில்லை. மலிவு வேறு, மட்டம் வேறு என்பாள். பெரிய பணமில்லாமல் ஐரோப்பாவை ரயிலிலும் கப்பலிலும் சுற்றுகிற மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தேனிலவுக்கு வந்த தச்சர்கள் என்று அங்கே தங்கிப் போனவர்கள் பலர். கட்டில் விரிப்புகளை வடக்குக் காற்றில்தான் உலர்த்துவாள். அந்தக் காற்று அடிக்கும்வரை ஈரத்துணி தொட்டியில் காத்துக்கிடக்கும். அறையைக் காட்டாமல் பணம் வாங்கமாட்டாள். வந்தவன் மெத்தையை அழுத்திப் பார்க்கலாம், குழாயைத் திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம். ஒன்றில் மட்டும் அந்தக் குடும்பம் இறங்கிவந்ததில்லை. கப்பலும் ரயிலும் பேருந்தும் அடுத்தடுத்து வந்து நிற்கும் துறைமுகத்தில், ‘அறை உண்டு’ என்று நாலு மொழியில் எழுதிய அட்டையைப் பிடித்தபடி பெண்கள் நிற்பார்கள். இறங்குகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போவார்கள். லோவ்ரிச் வீட்டார் யாரும் அங்கே போய் நின்றதில்லை. தேடி வருகிறவனுக்குத்தான் நம் வீட்டில் அறை, கூவி விற்பதற்கு நாம் மீனா வைத்திருக்கிறோம் என்று மாமனார் கேட்டிருந்தார். அவருக்குப் பிறகு அதே கேள்வியைக் கேட்டுவந்தவள் பெரினா.

நாடு உடைந்த போர் முடிந்து சில கோடைகளுக்கு ஊருக்கு யாரும் வரவில்லை. பெரினா ஆள் படுக்காத கட்டில்களுக்கும் விரிப்பு மாற்றினாள். மகள் நெவென்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சோப்புத்தூள் பெட்டியின் அட்டையைக் கிழித்து நாலு மொழியில் ‘அறை உண்டு’ என்று எழுதி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், ஃபிலாவின் பக்கத்தில் நின்றாள். ஃபிலா நாலு மொழியிலும் பொய் சொல்லத் தெரிந்தவள். கடலே தெரியாத தன் வீட்டுப் பின்கட்டைக் கடல் பார்த்த அறை என்று வாடகைக்கு விடுகிறவள். அன்று மாலை நெவென்கா ஒரு செக் நாட்டுத் தம்பதியைக் கூட்டிவந்தாள். ஊரிலிருந்தே தகர டப்பாக்களில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். பெரினா அவர்களை உட்காரவைத்தாள், அறையைக் காட்டினாள், காப்பி கொடுத்தாள். அவர்கள் மாடிக்குப் போனபின் மகளைச் சாவிப் பலகைக்கு முன்னால் கூப்பிட்டாள்.

அன்று தெற்குக் காற்று. அந்தக் காற்றில் கடல் கஞ்சியைப் போலக் கனத்துக் கிடக்கும், கல் சுவர்கள் வியர்க்கும், மனிதர்களின் தலைக்குள் ஈரக் கம்பளியை அடைத்ததுபோல இருக்கும். அப்போது அந்த ஊரில் யாரும் நிலம் எழுதமாட்டார்கள், சம்பந்தம் பேசமாட்டார்கள். வாய் தவறி எதைச் சொன்னாலும், காற்று மாறியதும் போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதில் யாருக்கும் இழிவில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

“நம்ம வீட்டு ஆளுங்க யாரும் அங்க போய் நின்னதில்ல,” என்றாள் பெரினா. “சாவிய வை.”

“காத்து மாறட்டும்மா. நாளைக்குப் பேசிக்கலாம்.”

“காத்துக்கும் என் வாக்குக்கும் சம்பந்தமில்ல.”

நெவென்கா தன் அறைச் சாவியை எட்டாவது ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் வடக்குக் காற்று வந்து வானத்தைத் துடைத்துவிட்டது. ஊரே தெருவில் இறங்கி, முந்தின நாள் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தது. முடிதிருத்துகிறவர் மைத்துனனிடம் போனார், ரொட்டிக் கடைக்காரி மாமியாரிடம் போனாள். பெரினா விரிப்புகளை உலர்த்தினாள். ஃபிலாவின் வீட்டில் உட்கார்ந்திருந்த நெவென்கா சாயங்காலம்வரை வாசலைப் பார்த்துவிட்டு, அங்கோனா போகும் கப்பலில் ஏறினாள். இத்தாலியில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறை பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த தெற்குக் காற்றில் வீடு முதல்முறையாக இடம் மாறியது.

முதலில் கொஞ்சம் சிரமம் இருந்தது. வெளியே போகிற விருந்தினர் சாவியைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். சட்டைப்பையில் மறந்து எடுத்துப்போகாமல் இருக்கத்தான் ஒவ்வொரு சாவியிலும் எலுமிச்சை அளவுக்கு ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். அப்படி மாட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஊர் முழுக்க அலைந்துவிட்டு வேறெங்கோ படுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பைகளை பெரினா தூசி தட்டிப் பத்திரமாக வைத்திருந்து, காவல் நிலையம் மூலமாகச் சேர்ப்பித்தாள். ஒரு போலந்து ஆசிரியர் மட்டும் மறதியாகச் சாவியோடு போய்விட்டார். அவர் மாலையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே, யாரையும் வழி கேட்காமல், அதற்குள் மூன்று தெரு தள்ளிப் போயிருந்த வாசலுக்கு நேராக வந்து சேர்ந்தார். வீடு மாறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கையில் சாவி இருந்தால் கால் தானே வந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் விருந்தினர் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று பெரினா விதியை மாற்றினாள். சில சட்டைப்பைகள் கிழிந்தன. அவளே தைத்துக் கொடுத்தாள்.

நகராட்சிக்காரர்கள் கதவு எண்ணை ஆறேழு முறை மாற்றிப் பார்த்துவிட்டு, எண்ணே இல்லாத ஒரு நீலத் தகட்டை அடித்துவிட்டுப் போனார்கள். தபால்காரரும் புதிதாக வருகிறவர்களும் ரொட்டிக் கடையில் காத்திருந்து, சாவி வைத்திருக்கும் விருந்தினர் யாராவது ஒருவர் பின்னால் வருவார்கள். வரி கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் வழி தவறியதே இல்லை. மலிவாக ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று அச்சிடும் வழிகாட்டிப் புத்தகங்களில், லோவ்ரிச் விடுதி, நல்ல மெத்தை, நல்ல ரொட்டி, முகவரி கேட்காதீர்கள் என்று போட்டார்கள். பிறகு கைப்பேசிகள் வந்தன. அவற்றின் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரியும். அங்கே போனால் பல் மருத்துவமனை இருக்கும். படுத்து எழுந்தவர்கள் நட்சத்திரங்களை அள்ளிப் போட்டார்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். பெரினா இரண்டையும் படிக்கவில்லை. கோடைகள் வந்தன, போயின. அவள் காலையில் எழுந்து ஜன்னலைத் திறப்பாள். எதிரில் கடல் இருந்தால் கடல், சுவர் இருந்தால் சுவர். அதற்கேற்றபடி அறை வாடகையைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். எட்டாவது ஆணியில் தொங்கிய சாவியை மற்றச் சாவிகளோடு சேர்த்துத் துடைப்பாள். அதைத் துடைக்கும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பித்தளை கறுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொலைபேசி எண் இடம் மாறவில்லை. ஊர்ப் புனிதரின் திருநாளன்று வருஷம் ஒருமுறை மணி அடிக்கும். பெரினா எடுத்து, “லோவ்ரிச் விடுதி,” என்பாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். காலி அறை இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

நெவென்கா இரண்டு முறை ஊருக்கு வந்து வீட்டைத் தேடினாள். அதைச் சொன்னது ஃபிலா. முதல்முறை வந்தபோது வீடு அவள் தேடிய சந்துக்கு அடுத்த சந்தில்தான் இருந்தது. அவள் அந்த அடுத்த சந்திலும் மூன்று தடவை நடந்தாள். அத்திமரத்தின் நிழலை மிதித்தாள். வாசல் மட்டும் கண்ணில் படவில்லை. விருந்தினர் பின்னால் நடந்து சொந்த வீட்டுக்குள் நுழைய அவள் சம்மதிக்கவில்லை. பெரினா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சாவியைத் தபாலில் அனுப்பித் தொலையேன் என்று ஃபிலா சந்தையில் பார்த்துக் கேட்டதற்கு, அனுப்பினால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும் என்றாள். தெற்குக் காற்றில் சொன்னது எப்படித் தப்பாகும், அது பேச்சிலேயே சேராதே என்றாள் ஃபிலா. லோவ்ரிச் வீட்டில் எந்தக் காற்றில் சொன்னாலும் அது பேச்சுதான் என்று பெரினா சொல்லிவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே கழிந்தது.

மூன்றாம் முறை நெவென்கா தேடவில்லை. அதைச் சொல்ல ஃபிலா நேராக வரமுடியாது, அவளிடம் சாவி கிடையாது. விடுதியில் தங்கியிருந்த ஒருவரைச் சந்தையில் பிடித்து, அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

“உன் பொண்ணு வந்தா. என் வீட்டுல ராத்திரி தங்கினா. வாடகையும் கொடுத்துட்டுப் போயிட்டா.”

பெரினா காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “வாங்கினியா?”

“வேண்டாம்னுதான் சொன்னேன். ஓசியில படுக்க லோவ்ரிச் வீட்டுல யாருக்கும் பழக்கமில்லைன்னு கைல திணிச்சா. அப்படியே உன்ன மாதிரி முறைக்கிறா மகராணி.”

“என்ன விரிப்பு போட்ட?”

“இருக்கறதைத்தான். ஏன்?”

“எந்தக் காத்துல காஞ்சது?”

ஃபிலாவுக்கு முதல்தடவையாகப் பொய் வரவில்லை. “சமையல்கட்டுல, அக்கா,” என்றாள்.

லோவ்ரிச் வீட்டுப் பெண் ஒருத்தி, சொந்த ஊரில், அடுத்தவள் வீட்டில், காசு கொடுத்து, அடுப்புப் புகையில் உலர்த்திய விரிப்பில் படுத்து எழுந்திருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை நடந்த எதையும்விட அது பெரிய இழிவு. துறைமுகத்தில் நிற்பது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அவள் சோப்புத்தூள் பெட்டி ஒன்றைக் கிழித்து, மகள் எழுதியது போலவே நாலு மொழியில் எழுதினாள். கறுப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு, எட்டாவது ஆணிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கோனாக் கப்பல் வரும் நேரத்துக்குப் போய் நின்றாள்.

மற்றப் பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அவள் யாரையும் கூவவில்லை, யார் முகத்துக்கு நேராகவும் அட்டையை நீட்டவில்லை. பள்ளிக்கூடத்துப் பலகையைப் போல அதை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கேட்டு வந்தவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். விடுதி நிறைந்த நாட்களிலும் வந்து நின்றாள். அறை இல்லாமல் எதற்கு அட்டை என்று கேட்டவர்களுக்கு, ஒரு அறை இருக்கிறது, அது உங்களுக்கு இல்லை என்றாள். இப்படிக் கோடைகள் போயின. குனா நாணயம் போய் யூரோ வந்தது. அட்டை பிடிக்கிற பெண்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எல்லோரும் கைப்பேசியிலேயே அறை பிடித்துவிட்டு இறங்கினார்கள். கடைசியில் அங்கே ஃபிலாவும் பெரினாவும்தான் நின்றார்கள். ஃபிலாவுக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை, பழக்கத்துக்காக வந்தாள்.

நெவென்கா இறங்கியது ஒரு தெற்குக் காற்று நாளில். நரைத்திருந்தாள். ஓட்டலில் கட்டில் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருந்தது. ஃபிலாவைத்தான் தேடி வந்தாள். பக்கத்தில் அட்டையோடு நின்றவளைப் பார்த்ததும் நின்றாள். அட்டையை நாலு மொழியிலும் படித்தாள்.

“ரூம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“விரிப்பு?”

“வடக்குக் காத்துல காஞ்சது.”

“கடல் தெரியுமா?”

“இன்னைக்குத் தெரியும். நாளைக்குச் சொல்ல முடியாது.”

பெரினா பையிலிருந்து சாவியை எடுத்தாள். அறையைக் காட்டாமல் சாவி கொடுப்பது அந்த விடுதியில் அதற்கு முன் நடந்ததில்லை. நெவென்கா வாங்கிக்கொண்டு, பித்தளைக் குண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

“இன்னைக்குத் தெக்கத்திக் காத்து,” என்றாள் பெரினா. “எதுவும் பேச வேண்டாம்.”

நெவென்கா தலையாட்டினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்; பெரினா பின்னால் நடந்தாள். மகள் எந்த முனையிலும் நிற்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. மீன் சந்தையைச் சுற்றி, தேவாலயத்துக்குப் பின்னால் ஏறி, அவள் பிறந்ததிலிருந்து வெறும் தோட்டமாக இருந்த ஒரு மூலையில் திரும்பி, அத்திமரத்தடியில் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காற்று மாறியது. பேச வேண்டியதைப் பேசலாம் என்றுதான் இருவரும் இருந்தார்கள். ஆனால் ஒரு வாரத்து விரிப்புகள் தொட்டியில் கிடந்தன, வடக்குக் காற்று எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பிழிந்து உலர்த்தினார்கள். பிறகும் நேரம் வாய்க்கவில்லை. இப்போது துறைமுகத்தில் நெவென்கா நிற்கிறாள். வீடு முன்போலவே இடம் மாறுகிறது. தெற்கிலிருந்து காற்று கிளம்பினால் கொடியில் இருக்கும் துணிகளை மாலைக்குள் எடுத்துவிடுகிறார்கள். கொடியின் ஒரு முனை எதிர்வீட்டுச் சுவரில் கட்டியிருக்கிறது, வீடு போகும்போது அறுந்துவிடுகிறது.