சில்வர் பெயிண்ட்

ஆயுத பூசை வந்துவிட்டால் காளிச்சாமிக்குக் கை நிற்காது. கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே அவருக்குத் தறிக்குடோன் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தறிக்கும், மோட்டாருக்கும், இரும்புக் கதவுக்கும், தண்ணீர்க் குழாய்க்கும் தன் கையாலேயே சில்வர் பெயிண்ட் அடிப்பார். ஆள் வைத்து அடிக்கலாம், வைக்க மாட்டார். "சோறு போடற சாமானமுங்க, நாமதான் தொடோணும்" என்பார். கொஞ்சம் அசந்து படுத்திருந்தால் பூனைக்கும் ஒரு கோட்டு விழுந்துவிடும் என்று அவர் மனைவி ராசாத்தாளே சொல்லிச் சிரிப்பதுண்டு.

இந்த வருஷம் வாசலில் நின்ற பழைய வெள்ளைக் காரையும் அவர் விடவில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்து, அது உட்காரும் தட்டு, சுற்றியிருந்த போல்ட்டு, நட்டு எல்லாவற்றுக்கும் பூசி, திரும்ப முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தார். இவ்வளவு சிரத்தைக்குக் காரணம் இருந்தது. மருமகள் கீதா வேலைக்குப் போகப்போவது அந்தக் காரில்தான்.

கீதா எலெக்ட்ரிக்கல் படித்தவள். கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று தங்க எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக அந்தப் பி.இ. பத்திரிகையிலேயேதான் குடியிருந்தது. துடியலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை கிடைத்தபோது வீட்டில் யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் எதற்கும் முடியாது என்று சொல்வதே இல்லை. வினையே அதுதான்.

"தாராளமா போ கண்ணு" என்றார் காளிச்சாமி. "எதுக்கும் கோயல்ல பூக் கேட்டுப் பாத்துக்கலாம்."

குலதெய்வத்தின் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். வெள்ளைதான் வந்தது. காளிச்சாமி அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாமியே சொல்லிப்போட்டுது, அப்பறமென்ன. ஆனா பஸ்ஸுல வேண்டாங்கண்ணு. நம்மூட்டுப் புள்ள பஸ்ஸுல தொங்கிட்டுப் போனா நாலு பேரு என்ன பேசுவாங்க? காரு சும்மாதான நிக்குது. காருலயே போ."

கீதாவுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்தது. ஆகவே வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள். காரிலேயே போ என்றால், கார் இல்லாவிட்டால் போகாதே என்றும்தான் அர்த்தம் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வேலையில் சேரவேண்டிய காலையில் கார் செல்ஃப் எடுக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"கெளம்பறப்பவே தடங்கலாகுதே" என்று ராசாத்தாள் வாசலுக்கு ஓடிவந்தாள். "சித்த உள்ள வந்து தண்ணி குடிச்சுப்போட்டு உக்காரு கண்ணு."

உட்கார்ந்தாள். எழுந்துபோய்த் திருப்பினாள். டிக். மெக்கானிக் வந்து ஒயர்களைப் பிடித்து ஆட்டியபோது சமர்த்தாக ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது. அவர் தெருமுனை திரும்பியதும் மறுபடி டிக். புது பேட்டரி வாங்கிப் போட்டார்கள், அதற்கும் டிக். கம்பெனியில் கெஞ்சி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தாள். அடுத்த வாரமும் அதே கதை. சாமி உத்தரவு கொடுத்தாலும் காவல்சாமி கருப்பராயன் நடுவில் நின்று தடுக்கிறாரோ என்னவோ என்று ராசாத்தாள் கற்பூரம் காட்டினாள். கம்பெனி மேனேஜர் கடைசியாகப் போனில் சொன்னார்: "வர்ற திங்கக்கெழமை பத்து மணிக்குள்ள வந்துருங்க மேடம். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறமுங்க."

பஸ்ஸில் போகிறேன் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். "போலாங்கண்ணு, யாரு வேண்டாம்னா? மாமாதான் மனசு ஒடஞ்சு போயிருவாரு" என்றாள் ராசாத்தாள், தலையை வருடிக்கொண்டே. கணவன் மிதுனிடம் கேட்டாள். மிதுன் நல்லவன், அதிர்ந்து பேசமாட்டான். "எனக்கொண்ணும் இல்ல கீதா. அப்பாட்டப் பேசறேன்" என்றான். எப்போதும் அதைத்தான் சொல்வான். எப்போதும் பேசமாட்டான்.

கீதாவுக்கு மூச்சு முட்டியது. சண்டை போட ஒரு ஆளாவது அகப்பட்டிருந்தால் தேவலை. அடிக்கிறவர் இல்லை, திட்டுகிறவர் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணு, அம்மணி என்று அன்பாக ஒருவர் நின்றார். அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போகத்தான் வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கூட்டிப்போக வேறொரு உறவினரின் வண்டி வந்தது. கீதா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். வண்டிச் சத்தம் அடங்கியதும் எழுந்தாள். கல்யாணச் சீரில் வந்த பீரோவை இடுப்புச் சாவியால் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியில் கிடந்த மல்டிமீட்டரை எடுத்தாள். கல்லூரியில் வாங்கியது. பேட்டரி மட்டும் மாற்றவேண்டியிருந்தது.

விஷயம் எளிமையானதுதான். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டுப் பேட்டரிக்கே திரும்பி வரவேண்டும். காரில் அது திரும்பிவர எஞ்சினும் வண்டியின் உடம்பும்தான் பாதை. அந்த இரும்பையும் பேட்டரியையும் இணைப்பது எர்த் ஒயர். போன கரண்ட் திரும்பி வர வழி இல்லையென்றால் எவ்வளவு புது பேட்டரி போட்டு என்ன பிரயோஜனம்?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினிலும் மாட்டி, மீட்டரைக் கண்ணாடி வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாத இடத்தில் ஏழு வோல்ட் காட்டியது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தாள். ஒயர் முனைக்கு அடியில், உடம்போடு இரும்பு இரும்பாக ஒட்டவேண்டிய இடத்தில், வழவழவென்று சில்வர் பெயிண்ட்.

கீதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பாவம், கருப்பராயன் மேல் வீண்பழி. மாமனாரின் பக்திதான் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

அந்தப் பழைய ஒயரும் லேசுப்பட்டதில்லை. உள்ளே பச்சை பூத்துப் பாதி செத்திருந்தது. செய்வது செய்கிறோம், உருப்படியாகச் செய்வோம் என்று தறிக்குடோனுக்குப் போனாள். வெல்டிங் செட்டுக்கு வாங்கியதில் மிஞ்சிய கேபிள் கிடந்தது, கட்டைவிரல் தடிமனில் நல்ல செம்பு. மூன்று துண்டு நறுக்கி, முனைகளில் லக் என்கிற செம்பு வளையத்தை மாட்டி, வைஸ் பிடியில் வைத்து நசுக்கினாள். பேட்டரியிலிருந்து உடம்புக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒன்று. மாட்டும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரியவைத்தாள். இறுக்கி முடித்து, துரு பிடிக்காமல் இருக்க மேலே வாஸலின் களிம்பு தடவினாள். நகமெல்லாம் கருப்பு, முழங்கையில் ஒரு சிராய்ப்பு. இரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

சாவியைத் திருப்பினாள். பாதி திருப்புவதற்குள் எஞ்சின் எழுந்துகொண்டது.

மாலையில் எல்லோரும் வந்திறங்கியதும் ஓட்டியே காட்டினாள். ராசாத்தாள் திருஷ்டி கழித்தாள். காளிச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். "என்ற மருமக இன்சினீருன்னா இன்சினீருதான்" என்றவர், "எல்லாஞ் செரி, பெயிண்ட எதுக்குக் கண்ணு சொரண்டிப்போட்டே?" என்று கேட்டார்.

"பெயிண்ட் இருந்தா கரண்ட் போவாதுங்க மாமா. செம்பும் இரும்பும் நேரா தொடோணுங்க."

"அட, அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாமப் போச்சே கண்ணு."

செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மிதுன் எட்டிப் பார்த்தான். "ஒரு எடத்துல பெயிண்ட் பட்டாலே எடுக்காதா, இல்ல மூணுலயும் பட்டாத்தானா?"

அவள் படிப்பைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. கீதா பூரித்துப்போனாள். ஒன்றில் பட்டால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும், மூன்றிலும் பட்டால் அசையவே அசையாது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். லக்கைத் தூக்கினால் அடியில் எந்த இடம் முக்கியம் என்பதையும் சொன்னாள். எந்த நம்பர் ஸ்பேனர் என்பதையும் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை புது காட்டன் சேலையில் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டிக்.

 இறங்கிப் பானெட்டைத் திறந்தாள். கேபிள்கள் இருந்தபடியே இருந்தன. ஆனால் பெயிண்ட் வாடை அடித்தது. மூன்று போல்ட்டும் ஒரே சீராக வெள்ளியாய் மின்னின. தொட்டால் இன்னும் பிசுபிசுத்தது. வாஸலின் களிம்பின் மேல் பெயிண்ட் ஒட்டாது. யாரோ போல்ட்டைக் கழற்றி, களிம்பைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, அப்புறம் பூசி, திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். தெரியாமல் செய்கிற வேலையா இது?

திருநீற்றுத் தட்டோடு காளிச்சாமி வந்தார். கீதா அவர் கைகளைத்தான் பார்த்தாள். விபூதியைத் தவிர ஒன்றும் இல்லை. "மறுக்காவுமா கண்ணு?" என்று அவர் கேட்டதில் இருந்தது நிஜமான வருத்தம். அது அவளை இன்னும் பயப்படுத்தியது.

"உடு கீதா" என்று மிதுன் வந்தான். "நேரஞ் செரியில்லாதப்பக் கெளம்ப வேண்டாம். மேனேஜருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிப்போடறேன்." பானெட்டைச் சாத்தக் கையை உயர்த்தினான். மண்ணெண்ணெய் நாற்றம் வந்தது. நன்றாகத்தான் கழுவியிருந்தான். ஆனால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு பிறைக் கீற்றுப் போல வெள்ளி ஒட்டியிருந்தது.

கீதாவுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்கள். தலையை வருடுவார்கள். அதற்குள் மணி பத்தாகிவிடும். இந்த வீட்டில் எது செல்லுபடியாகுமோ அதையே அவளும் எடுத்தாள்.

"ஏனுங்க, உப்புத்தாளும் ஸ்பேனரும் எடுத்துட்டு வாங்க" என்றாள், மிக மரியாதையாக.

அவன் பானெட்டைச் சாத்தப் போனான்.

"மாமா, நேத்து இவரு ஆசையாக் கேட்டாருங்கல்ல, எங்கெங்க பெயிண்ட் படக்கூடாதுன்னு? இன்னிக்கு இவரே சொரண்டிப் பழகிக்கட்டுமுங்க."

"போய் எடுத்துட்டு வாடா" என்றார் காளிச்சாமி. "அம்மணிக்கு நேரமாகுதல்ல."

மிதுன் குனிந்து தேய்த்தான். தன் பெயிண்டைத் தானே, அப்பனும் ஆத்தாளும் பார்க்க. மூன்றாவது போல்ட்டுக்கு வரும்போது தலை நிமிராமலே முணுமுணுத்தான். "தறி பாதிதான் ஓடுது. பொண்டாட்டி சம்பாத்தியத்துலதான் சோறான்னு கேப்பாங்க கீதா. உன்னப் போக வேண்டாம்னு நான் ஒருநாளாச்சும் சொன்னனா?"

"சொல்லலீங்க" என்றாள் கீதா. "அந்த ஓரத்துல இன்னங் கொஞ்சம் தேயுங்க."

கார் எழுந்தது. அவள் போனாள். எந்த வழியாகப் போனோம் என்றுகூட நினைவில்லாமல், வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினாள். துடியலூரில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, பத்து மணிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டாள். டெஸ்டிங் பெஞ்சில் முதல் மோட்டாரை ஓடவிட்டபோது சிரிப்பு வந்தது. மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. காரை வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்ற பயமில்லை. சாயங்காலம் அதை வீட்டில் கொண்டுபோய் நிறுத்தவேண்டுமே என்பதுதான்.

பொழுது சாய வந்து வண்டியை நிறுத்தியதும், வீட்டுக்குள் போகாமல் பானெட்டைத் திறந்து மூன்று கேபிளையும் கழற்றினாள். மிதுன் தறிக்குடோன் வாசலில் நின்று பார்த்தான்.

"எம்மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

"வெளிய கெடந்தா துரு புடிச்சுருமுங்க" என்றாள்.

"காப்பி ஆறுது கண்ணு" என்று உள்ளேயிருந்து ராசாத்தாள் கூப்பிட்டாள். "வாரனுங்க அத்தை" என்று குரல் கொடுத்துவிட்டு, கீதா நேரே அறைக்குள் போனாள். கேபிள்களைச் சுருட்டி, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணத்தன்று பீரோவை இறக்கியபோது ராசாத்தாள் இரண்டு சாவியையும் மஞ்சள் கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். ஒன்றைக் கீதாவின் கையில் கொடுத்தாள். இன்னொன்று மிதுனிடம் இருந்தது.