எல்லாம் கார்டு செய்த வேலை

லாயிட் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்பதைக் காக்ஸ் டவுனில் அந்தத் தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்பது வயது. அதன் இரண்டு விசிறிகளும் வேகமெடுத்தால் யாரோ வீட்டில் இட்லிக்கு மாவு அரைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தால்தான் அது புது விளையாட்டுகளைக் காட்டவே சம்மதிக்கும். அப்படிக் காட்டும்போது மரமெல்லாம் காலிஃப்ளவராகத் தெரியும்.

லாயிட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. வண்டியை இடித்தவர்கள் எழுதிக் கொடுக்கும் காரணங்களைப் படித்து, எது நிஜம் எது கதை என்று பிரிப்பதுதான் பிழைப்பு. நாய் குறுக்கே வந்தது, சூரியன் கண்ணில் அடித்தது, பிரேக் பிடிக்கவில்லை. முதல் வரியைப் படிக்கும்போதே கதையா இல்லையா என்று அவனுக்குப் பிடிபட்டுவிடும். ஆபீஸில் அதற்காகவே அவனுக்கு நல்ல பேர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவனே ஒரு கதை வைத்திருந்தான், அதை ஊரே நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

மூன்று மணி என்பது ஆட்ட நேரம். காலையில் பூசை, மதியம் சாப்பாடு, அப்புறம் ஹெட்செட். மூன்று பேர் கொண்ட அணிகள் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள வேண்டும், கடைசிவரை நிற்கும் அணிதான் ஜெயித்த அணி. லாயிட்டின் அணியில் அவனோடு சேர்ந்து க்ளென், நோயல். க்ளென் அவன் மனைவி டீனாவின் தம்பி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். நோயல் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், ஜோகுபாளையத்தில் வீடு. அவரவர் வீட்டிலிருந்தே ஆடுவார்கள். மூவரில் முதலில் விழுவது எப்போதும் லாயிட்தான். விழுந்த மறுநொடி ஹெட்செட்டில் அவன் குரல் கேட்கும்.

"கார்டுடா! கரெக்டா அவன் வர்ற நேரம் பாத்து திக்குது. நான் என்ன பண்றது?"

திரையின் மேல்மூலையில் ஒரு சின்ன எண் ஓடும். நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று கார்டு கொடுக்கும் கணக்கு அது. ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். இருபதுக்கு இறங்கினால் திக்கும். லாயிட் எதிரியைப் பார்த்த நேரத்தைவிட அந்த எண்ணைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, அவர்கள் படித்த பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு கோப்பை நடத்துவார்கள். குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் அணியில் சேரலாம். மூன்று வருஷமாக லாயிட்டின் அணி முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டியது. பிப்ரவரியில் ஒரு நாள் க்ளென் பொறுமை இழந்தான்.

"மாமா, ஈஸ்டருக்குள்ள புது கார்டு வாங்குங்க. இல்லைன்னா சொல்லிடுங்க, நாங்க வேற ஆள் பாத்துக்குறோம். தப்பா நினைக்காதீங்க."

லாயிட் தப்பாக நினைக்கவில்லை. பயந்துபோனான், அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அந்த அணியில் இருக்கிறான். ஞாயிறு மூன்று மணியை எடுத்துவிட்டால் அந்த வாரத்தில் அவனுக்கென்று மிச்சமிருப்பது காய்ந்த துணியை மடித்து வைக்கும் வேலைதான்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்கு அவன் போகாமல் இல்லை. ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கும் ஸ்ரீஹர்ஷாவுக்கு லாயிட்டை இரண்டு வருஷமாகத் தெரியும். "பன்னி சார், பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்று, ஸ்டூலை இழுத்துப் போட்டு, காபி வரவழைத்து, அலமாரியிலிருந்து பெட்டியை இறக்குவார். லாயிட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அடுத்த மாடல் வரப்போகிறதாமே என்பான். என் பவர் சப்ளை தாங்குமா என்பான். தசராவுக்கு விலை குறையும், தீபாவளிக்கு இன்னும் குறையும் என்பான். காபி தீர்ந்ததும் வெறும் கையோடு எழுந்து வந்துவிடுவான். பணத்துக்கு முடையா என்றால் அதுவும் இல்லை. போன வருஷமே அதற்கென்று எடுத்து வைத்தாயிற்று.

இப்படி க்ளெனின் கெடு தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தபோது சாம்பல் புதன் வந்தது. அன்று தொடங்கி ஈஸ்டர்வரை நீளும் தவக்காலத்தில் ஆளுக்கொரு ஆசையை விடுவது அந்த வீட்டு வழக்கம். போன வருஷம் லாயிட் பீரை விட்டான், இரண்டாவது வாரமே பிடித்தும் கொண்டான். இந்த வருஷம் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்து செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தான்.

"டீனா, இந்தத் தவக்காலம் முடியுறவரைக்கும் நான் கேம் தொடமாட்டேன்."

டீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டர்கார்டனில் முப்பத்திரண்டு குழந்தைகளை மேய்க்கிறவள். யார் எதற்காகத் திடீரென்று நல்ல பிள்ளை ஆகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

"நல்லது. அப்போ கார்டு வாங்குற பேச்சையும் நாப்பது நாள் தள்ளிப் போட்டுடலாம், இல்ல?"

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றான் லாயிட், சாம்பலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு அவன் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். மாவு அரைக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவன் நாற்காலியில் டீனா, அவன் ஹெட்செட்டோடு.

"என்ன பண்ற?"

"க்ளென் போன் பண்ணான். ஆள் குறையுதாம். நான் விட்டது காபிக்குச் சீனி, கேம் இல்லையே. எந்த பட்டனைத் தட்டினா துப்பாக்கி வெடிக்கும்?"

முதல் நாள் அவள் கடலில் இறங்கி மூழ்கிச் செத்தாள். லாயிட் மனசார சிரித்தான். பட்டன்களைக் காட்டிக்கொடுத்தான். திக்கும், கோபப்படாதே, கார்டு அப்படி என்று முன்கூட்டியே ஆறுதலும் சொன்னான். இரண்டாவது ஞாயிறு அவள் பாதி ஆட்டம்வரை உயிரோடிருந்தாள். மூன்றாவது ஞாயிறு, அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே கூச்சல். ஹெட்செட்டைத் தாண்டி க்ளெனின் குரல் கேட்டது.

"அக்கா! இத்தனை நாளா நீ எங்க இருந்த?"

ஜெயித்திருந்தார்கள். அதே கார்டு, அதே காலிஃப்ளவர் மரங்கள்.

"எப்படி?" என்றான் லாயிட். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"இது திரும்புறப்போ திக்குது. அதனால நான் திரும்புறதே இல்ல. ஒரு ரூமுக்குள்ள போய் மூலையில உக்காந்துக்குவேன். காலடிச் சத்தம் கேட்டா எந்தக் கதவு வழியா வருவாங்கன்னு தெரிஞ்சுடும். என் கிளாஸ்ல தினமும் இதுதானே வேலை? எவன் சத்தம் போடாம வர்றானோ அவன்தான் ஏதோ பண்ணப் போறான்." அவள் திரையைச் சுட்டிக் காட்டினாள். "ஆமா, அந்த மூலையில ஒரு நம்பர் ஓடுதே, அது என்ன, ஸ்கோரா?"

லாயிட் சமையலறைக்குத் திரும்பினான். பொறாமைதான், வேறென்ன? சொந்தப் பெண்டாட்டி மேல், அதுவும் தவக்காலத்தில். ஆனால் பொறாமையைவிட இன்னொன்று அவனை அதிகமாகக் குடைந்தது. ஒன்பது வருஷமாகச் சொல்லி வந்த காரணத்தை அவள் மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில் உடைத்துப் போட்டுவிட்டாள், அதுவும் உடைத்தோம் என்று தெரியாமலே. இதே காரணத்தை ஒருவன் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தால் லாயிட் முதல் வரியிலேயே சிவப்பு மையால் கோடு போட்டிருப்பான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவன் எஸ்.பி. ரோட்டுக்குப் போனான். வாங்கியே தீருவது என்று முடிவோடுதான் போனான். புது கார்டு போட்டு, திங்கட்கிழமை தானே ஆடி, தான் யார் என்று காட்டிவிட வேண்டும். ஸ்ரீஹர்ஷா பெட்டியை இறக்கி மேஜைமேல் வைத்தார். இந்த முறை லாயிட் மாடல் கேட்கவில்லை, விலை கேட்கவில்லை. பையில் கைவிட்டுப் போனை எடுத்தான். பணம் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. விரல் நகரவில்லை.

"ஏன் சார், இன்னும் குறையணுமா?"

"இல்ல ஸ்ரீஹர்ஷா." லாயிட்டுக்கே அப்போதுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் முகம் சூடானது. "இதை வாங்கிட்டு, அப்புறமும் தோத்தேன்னு வையுங்க. அப்போ நான் என்ன சொல்றது?"

ஸ்ரீஹர்ஷா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு படி அதிரச் சிரித்தார்.

"அதுக்கா ரெண்டு வருஷமா என் காபியைக் குடிச்சீங்க? அய்யோ, யோச்சனை மாடபேடி சார், கவலையே வேணாம். கார்டு வாங்கினவங்க எல்லாரும் அடுத்த மாசமே வருவாங்க. மானிட்டர் சரியில்லைம்பாங்க. அப்புறம் மௌஸ். அப்புறம் நாற்காலி. எனக்கு கடை ஓடுறதே அதுலதான்."

லாயிட்டும் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் பெட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்தான்.

ஈஸ்டர் நன்றாகப் போனது. திங்கட்கிழமை மூன்று மணிக்கு, முந்தின நாள் மட்டன் பிரியாணியின் மிச்சத்தைச் சூடு பண்ணித் தின்ற தெம்போடு லாயிட் ஹெட்செட்டை மாட்டினான். க்ளெனும் நோயலும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். க்ளென் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மாமா, ஈஸ்டர் வந்தாச்சு. கார்டு... வாங்கியாச்சா?"

"வாங்கல." லாயிட் மூச்சை இழுத்துக்கொண்டான். "டேய், ரெண்டு பேரும் கேளுங்க. பாதி நாள் கார்டு நல்லாத்தான் ஓடிச்சு. மூலையில நாப்பத்தஞ்சு, அம்பதுன்னு நின்னுக்கிட்டு இருக்கும். எனக்குத்தான் குறி விழல. இன்னிக்கு டீனா ஆடட்டும்."



"தெரியும்டா," என்றான் நோயல். "ஸ்கூல்ல கிரிக்கெட் ஆடுறப்பவும் பேட் சரியில்லைன்னுதானே சொல்லுவ?"

"மாமா, நீங்கதான் ரிசர்வ்," என்றான் க்ளென் அவசரமாக. "ரிசர்வ் இல்லாம டீம் ஏது?"

லாயிட் எழுந்து நாற்காலியையும் ஹெட்செட்டையும் டீனாவுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். இதற்கு இவ்வளவு பயந்தோமா என்றிருந்தது அவனுக்கு. முதல் சுற்றில் டீனா மூலையில் உட்கார்ந்து, கதவுவழியே வந்த மூன்று பேரையும் வரிசையாகப் படுக்க வைத்தாள். அந்த அணி முதல் சுற்றைத் தாண்டியது நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. லாயிட் கத்திய கத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இரண்டாவது சுற்றும் ஜெயம். இறுதிச் சுற்றில் க்ளென் விழுந்தான், நோயல் விழுந்தான். டீனா மட்டும் ஒரு மாடி அறையில், எதிரி ஒருத்தன் வெளியே. ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு ஆள்.

காலடிச் சத்தம் கேட்டது. டீனா கதவைக் குறி வைத்தாள். அவன் ஜன்னல் வழியாக வந்து சுட்டான்.

ஹெட்செட்டில் க்ளென் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம். டீனா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. ஹெட்செட்டை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

"லாயிட், பாத்தியா? நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன், சரியா அந்த நேரம் பாத்து திக்கிடுச்சு. இந்தக் கார்டை மொதல்ல மாத்தணும்."

லாயிட் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஒன்பது வருஷப் பழக்கம். மேல்மூலையில் எண் நாற்பத்தெட்டில் நின்றது. கடைசிவரை அசையவில்லை. திரும்பவே இல்லை அவள், கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் இதைப் பிடிக்க அவனுக்கு அரை நொடி போதும்.

அவளைப் பார்த்தான். இந்த வீட்டில் இந்தப் பெண்ணோடு இன்னும் நூறு வருஷம் தோற்றுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

"நானும் பாத்தேன் டீனா," என்றான். "கார்டுதான். நாளைக்கு சாயங்காலம் எஸ்.பி. ரோடு போறோம், நீயே பாத்து எடு."